வால் எண் மாறாத லைப்ரரியும் புன்னைக்குறிச்சியின் காதுகளும்

வெட்கம் கன்னத்தில் தோன்றுகிறது என்று உலகம் நெடுங்காலமாக நம்பிவருகிறது. கவிராயர்கள், கல்யாணத் தரகர்கள், முகப்பவுடர் விற்பவர்கள் எனச் சகல தரப்பினரும் இந்தப் பிழையைப் பரப்பியிருக்கிறார்கள். இதைத் திருத்தாமல் மேற்கொண்டு ஒரு வரி சொல்வதும் முறையாகாது. வெட்கம் இரண்டு வகை. பிறர் பார்த்துவிட்டதால் வருவது ஒன்று. அது கன்னத்தில் ஏறும், ஒரு வாய் தண்ணீர் குடித்தால் இறங்கிவிடும். பிறர் பார்க்கவில்லை என்பதால் வருவது மற்றொன்று; அது காதுமடலில் ஏறும், தண்ணீருக்கும் இறங்காது, தைலத்துக்கும் இறங்காது. முன்னதை வைத்துப் பாட்டு எழுதலாம். பின்னதை வைத்து அப்பளம் சுடலாம் என்பது புன்னைக்குறிச்சியில் செய்து பார்த்து உறுதிசெய்யப்பட்ட உண்மை. ஓரம் மட்டும் சரியாகப் பொரியவில்லை என்றார்கள், அது அப்பளத்தின் குறையாகவும் இருக்கலாம்.

புன்னைக்குறிச்சி தாமிரபரணிக் கரையில் இருக்கிறது. அங்கே கடைத்தெருவில் நகைப்பட்டறை வைத்துப் பிள்ளைகளுக்குக் காது குத்துகிறவர் மகிழ்வண்ணன் ஆசாரி. அவர் மனைவி சண்முகவடிவு, ஊரில் எந்தக் கம்ப்யூட்டர் படுத்தாலும் எழுப்பி உட்கார வைக்கிறவள். பால் சங்கத்தில், டாக்டரின் டோக்கன் மேஜையில், தியேட்டரில், கல்யாண மண்டபத்தில் என்று ஊர் முழுக்க ஓடியது ‘தாமிரம்’ என்கிற லினக்ஸ். லினக்ஸ் என்பது கம்ப்யூட்டரை நடத்துகிற அடிப்படை மென்பொருள். அதை ஆளுக்கொரு விதமாகத் தொகுத்து இனாமாகக் கொடுப்பார்கள். தாமிரம் அப்படி நாலைந்து மாவட்டத்து ஆட்கள் சம்பளமில்லாமல் தொகுத்துக் காத்துவருவது. யாரோ எழுதிய செயலியை வாங்கி, அது நிற்பதற்கு என்னென்ன துணை வேண்டும் என்று கண்டறிந்து, ‘இவர் வந்தால் இன்னாரும் வர வேண்டும்’ என்று சீட்டு ஒட்டி, பொதியாகக் கட்டி அனுப்புவது அவர்களுடைய வேலை. அந்தக் கூட்டத்தில் வடிவுக்கு மூத்தவள் என்று பெயர்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. தமிழ்ப் பெயர்களை அகரவரிசையில் அடுக்கும் வேலை பால் சங்கத்துக்கும் உண்டு, டாக்டருக்கும் உண்டு, தியேட்டருக்கும் உண்டு. எல்லாச் செயலிகளும் அதைப் பொதுவான ஓரிடத்தில் போய்க் கேட்டுக்கொள்ளும். அந்தப் பொது இடத்துக்கு லைப்ரரி என்று பெயர். புத்தகம் ஒன்றும் கிடையாது. வடிவு காவல் காத்த லைப்ரரி ‘அகரம்’. அதன் பெயரின் வாலில் ஓர் எண் ஒட்டியிருக்கும்: அகரம் 3. அந்த வால் எண் ஒரு சத்தியம். 3 என்று இருக்கிறவரை, செயலிகள் உள்ளே வந்து கேட்கிற எந்த வாசலும் இடம் மாறாது, நேற்று வந்தவன் இன்றும் கண்ணை மூடிக்கொண்டு வரலாம் என்று அதற்கு அர்த்தம். வாசலை மாற்றினால் எண்ணை 4 ஆக்க வேண்டும். ஆக்கினால், அதை நம்பியிருக்கும் ஒவ்வொரு பொதிக்காரருக்கும் எழுதி, புது எண்ணுக்கு ஏற்ப மறுபடி கட்டச் சொல்லி, அவர்கள் கட்டி முடிக்கிறவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும்.

அதே கூட்டத்தில் பொதி கட்டுகிற, மேலப்பாளையத்து இஸ்மத் என்கிற இளைஞன் ஒரு தடவை இதில் தவறிவிட்டான். வேறொரு லைப்ரரியின் வாசலை மாற்றிவிட்டு எண்ணை மாற்ற மறந்தான். வடிவு ‘லிஸ்ட்’ என்கிற குழு மடலில், எல்லாரும் பார்க்க, அவனுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினாள். ‘வாசலை மாற்றிவிட்டு விலாசத்தை மாற்றாதவன், விருந்தாளியைக் கூப்பிட்டுச் சுவரில் முட்ட வைக்கிறான்’ என்று அதில் ஒரு வரி வரும். அழகான வரி, அவளுக்கே பிடித்திருந்தது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதலில் அதைத்தான் படிக்கக் கொடுத்தார்கள். இஸ்மத் ஒரே வரியில் பதில் போட்டான்: ‘புரிஞ்சுதுக்கா, மன்னிக்கணும்.’

அப்பேர்ப்பட்ட வடிவு, ஆவணி மாதத்து மதியம் ஒன்றில், சாப்பிட்ட கை காய்வதற்குள், அகரத்தின் ஒரு பழைய வாசலை அடைத்துவிட்டு, பக்கத்தில் அதைவிடச் சிறந்த ஒரு வாசலைத் திறந்தாள். எண்ணை மாற்றினால் எல்லாருக்கும் எழுத வேண்டும், ஆளாளுக்கு ஏன் என்று கேட்பார்கள், இஸ்மத்துகூடக் கேட்பான். இந்தப் பழைய வாசல் வழியாக யார் வரப்போகிறார்கள் என்று எண்ணி, 3 என்றே வைத்து அனுப்பிவிட்டு, மோர் குடிக்கப் போனாள்.

மறுநாள் காலை பால் சங்கத்தில் கம்ப்யூட்டர் எழுந்தது, செயலி எழவில்லை. பால் அளக்க வந்தவர்கள் கேனோடு வரிசையில் நிற்க, சங்கச் செயலாளர் பிரமநாயகம் திரையைத் தட்டிப் பார்த்தார், துடைத்துப் பார்த்தார், கடைசியில் கும்பிட்டும் பார்த்தார்.

“யய்யா பிரமநாயகம்,” என்றாள் வரிசையில் நின்ற செல்லக்கனி, “பாலு திரிஞ்சா திரும்பாது கேட்டியளா. மொதல்ல அளந்து ஊத்தும், பொறவு பொட்டியக் கொஞ்சலாம்.”

“பொட்டி சொன்னாத்தானம்மா அளக்க முடியும். வடிவு, இங்க வா. என்னமோ கருப்பாக் காட்டுது, கீழ பேரு வேற போட்டிருக்கு. இஸ்மத்துன்னு. யாரு அது?”

வடிவு திரையைப் பார்த்தாள். ஊரில் இன்னும் பழைய வாசல் வழியே வந்துகொண்டிருந்த ஒரே செயலி அது; தன் வாசலைத் தேடி வந்து, காணாமல், வந்த இடத்திலேயே விழுந்து கிடந்தது. அவளுக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது.

“மேலப்பாளையத்துப் பையன் அண்ணாச்சி,” என்றாள். “அவன் கட்டுன பொதிதான் இது. பாக்கச் சொல்லுதேன்.”

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. பையன் மேலப்பாளையம்தான், பொதி அவன் கட்டியதுதான். முழு உண்மைகளை மட்டும் வைத்து ஒரு பொய்யைக் கட்டி எழுப்ப முடியும் என்பதைத் தருக்க நூலார் ஏற்பதில்லை. அவர்கள் யாரும் புன்னைக்குறிச்சிப் பால் சங்கத்தில் நின்றதில்லை. மதியத்துக்குள் வடிவு யாருக்கும் தெரியாமல் பழைய வாசலைத் திறந்துவைத்தாள், செயலி எழுந்து உட்கார்ந்தது. ஆனால் வெயிலில் நின்ற பால் அதற்குள் திரிந்து, வாய்க்காலில் கொட்டப்பட்டு, வாய்க்கால் ஒரு பர்லாங்கு தூரம் வெள்ளையாய் ஓடியது. ஆளாளுக்கு இஸ்மத்தைத் திட்டினார்கள். அவள் ‘பாக்கச் சொல்லுதேன்’ என்று சொல்லி வாய் மூடிய கணத்தில் அவளுடைய இரண்டு காதுமடலும் சுட்டன. அதே கணத்தில் பிரமநாயகத்தின் காதும் செல்லக்கனியின் காதும் வரிசையில் நின்ற அத்தனை பேர் காதும், தெருவில் போனவர்கள் காதும், தொட்டிலில் கிடந்த பிள்ளைகளின் காதும் சுட்டன. நாய்க்கும் மாட்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஊரில் யாரும் யாரிடமும் ‘உனக்குச் சுடுகிறதா’ என்று கேட்கவில்லை. ஒவ்வொருவரும் அது தன்னுடையது என்றே நினைத்தார்கள். ஒவ்வொருவருக்கும் தகுந்த காரணம் கைவசம் இருந்தது, தேட வேண்டியிருக்கவில்லை. டெய்லர் சீனிப்பாண்டி அன்றைக்கே பழைய துணிப் பொட்டலத்தை அவிழ்த்து, வருஷக்கணக்காக ரவிக்கைத் துணியில் மிச்சம் பிடித்து வைத்த துண்டுகளை வீடுவீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தான். தியேட்டர்காரர், ராத்திரி பஸ்ஸைப் பிடிப்பதற்காகப் படத்தில் தான் வெட்டிவந்த காட்சிகளை எல்லாம் ஒட்டி, முன்பு அந்தப் படங்களைப் பார்த்தவர்களை மறுபடி கூப்பிட்டு விடுபட்டதை மட்டும் தனியே காட்டினார், யாருக்கும் எது எந்தக் கதை என்று தெரியவில்லை. எதிரெதிர் வீட்டில் இருந்து ஒன்பது வருஷமாகப் பேசாத அக்கா தங்கை இருவர், இருவருமே முதலில் மன்னிப்புக் கேட்கப் போய், நடுத்தெருவில் மோதி, யார் முதலில் கேட்டது என்பதில் மறுபடி பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

சூடு இறங்காததால், ஊர் அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொண்டது. தோடும் ஜிமிக்கியும் சூடேறித் தோளைச் சுட்டதால் பெண்கள் அவற்றைக் கழற்றி எவர்சில்வர் தம்ளரில் போட்டு வைத்தார்கள். காதில் பென்சில் செருகும் தச்சர்கள் பல்லில் கடிக்கப் பழகி, அளவு சொல்ல முடியாமல் விரலைக் காட்டினார்கள். காதில் பீடி செருகியவர்களுக்குப் பீடி தானே பற்றிக்கொண்டது. இதை வசதி என்று கொண்டாடியவர்கள் கிருதாவை இழந்தார்கள். டாக்டர், தன்னிடம் வந்தவர்களின் காதில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, வைரஸ் என்றார். சொல்லும்போது அவர் காதும் மிளகாய்ப் பழமாக இருந்தது, அதனால் யாரும் மேலே கேட்கவில்லை.

போனைக் காதில் வைக்க முடியாது என்பதுதான் பெரிய மாற்றம். எல்லாரும் ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார்கள், பஸ் ஸ்டாண்டில் நின்றால் ஊர்க்கதை முழுவதும் காதில் விழுந்தது. முதலில் கூசினார்கள். பிறகு சுருக்கமாகப் பேசினார்கள். அதன் பிறகு, அடுத்தவர் போன் பேச்சிலேயே குறுக்கே புகுந்து பதில் சொல்லத் தொடங்கினார்கள். இப்படி டீக்கடையில் ஒரு நிச்சயதார்த்தம் முறிந்தது, அதே டீக்கடையில் வேறொன்று கூடியது. ஈரத்துணியை மடித்து இரு காதிலும் தொங்கவிடும் வழக்கம் வந்தது. பிறகு அதற்குக் கரை வைத்துத் தைக்கும் வழக்கம் வந்தது. அதைச் சீனிப்பாண்டிதான் தைத்தான், மிச்சத் துண்டைக் கேட்காமலே திருப்பிக் கொடுத்தான்.

சூட்டுக்கு ஏற்ற இறக்கம் இருந்தது. ஊர் அதைப் பெரிய காந்தல், சின்னக் காந்தல் என்று பிரித்துப் பேசியது. பெரிய காந்தல் ஏன் வருகிறது என்று வடிவு ஒருத்திக்குத் தெரியும். குழு மடலில் இஸ்மத் எழுதுகிறபோதெல்லாம் அது வந்தது. ‘பால் சங்கச் செயலியில் என்ன பிழை என்று எனக்கே தெரியவில்லை. இரண்டு நாளாகத் தேடுகிறேன். பால் கொட்டினார்கள் என்று கேள்விப்பட்டேன். மன்னிக்கணும்’ என்று எழுதினான். ஊரே காதைப் பொத்திக்கொண்டு குனிந்தது. யாரோ ஒரு புதியவர், உதவுவதாக நினைத்து, வடிவின் பழைய கடிதத்திலிருந்து சுவரில் முட்டும் விருந்தாளி வரியை எடுத்து அவனுக்கு அனுப்பினார். அன்று பஸ் டிரைவர் வண்டியை நடுப்பாலத்தில் நிறுத்திவிட்டு ஆற்றில் இறங்கித் தலையை முக்கினார், பயணிகளும் இறங்கி முக்கினார்கள். கடைசியாக அவன் எழுதினான்: ‘இந்த வேலை எனக்கு ராசி இல்லை போல. என் பொதிகளை வேறு யாராவது எடுத்துக்கொள்ளுங்கள். மாதக் கடைசியோடு விலகிக்கொள்கிறேன்.’

வடிவு அந்த மடலுக்குப் பதில் எழுத உட்கார்ந்தாள். ‘அவசரப்படாதே தம்பி, தவறு எல்லாருக்கும் வருவதுதான்’ என்று எழுதினாள். படித்துப் பார்த்தாள். அந்த ‘எல்லாருக்கும்’ என்ற சொல்லுக்குள் போய்த் தான் ஒளிந்துகொண்டிருப்பது தெரிந்தது. அழித்துவிட்டாள். எழுந்து போய்க் காதில் சொம்புத் தண்ணீரை ஊற்றினாள், தண்ணீர் சுர்ரென்றது.

வீட்டிலும் நிம்மதி இல்லை. காந்தல் தொடங்கியதிலிருந்து மகிழ்வண்ணன் ஒரு பிள்ளைக்கும் காது குத்தவில்லை. தெற்குத் தெருவில் ஒரு பெண் குழந்தைக்கு நாள் குறித்து, மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய தாய்மாமன் சங்கிலிபூதத்தான் பம்பாயிலிருந்து சீர்வரிசையும் ஆட்டுக்கிடாயுமாக வந்து இறங்கியிருந்தான். தினமும் பிள்ளையை மடியில் வைத்து உட்காருவான், மகிழ்வண்ணன் மடலைத் தொட்டுப் பார்த்துக் கையை உதறுவார், எழுந்துவிடுவார்கள். கிடாய்க்கு இதற்குள் பெயர் வைத்துவிட்டார்கள். பெயர் வைத்த கிடாயை எப்படி வெட்டுவது என்று வீட்டில் இரண்டு கட்சி ஆகிவிட்டது.

“கம்பிய வச்சா கம்பி செவக்கு,” என்றார் மகிழ்வண்ணன், பட்டறையைச் சாத்திவிட்டு வந்து. “அந்தப் பய கேக்கான், என்னண்ணே குத்துவியளா மாட்டியளான்னு. நான் குத்தவா, பத்த வைக்கவா?”

வடிவு சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

“என்னட்டி, ஒரு வாரமா உருண்டையே உருட்டிக்கிட்டு இருக்க, வாய்க்குப் போவக் காணோம்?”

“ஒண்ணுமில்ல அத்தான்.”

அதைச் சொன்னபோது சோற்றுப் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரி “ஆத்தாடி!” என்று கத்தியது சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கல்யாண மண்டபத்தில் ஊர் கூடியது. ஈரத்துணி தொங்கும் காதுகளோடு எல்லாரும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். பிரமநாயகம் மைக்கைப் பிடித்தார்.

“இது யாரோ ஒருத்தர் பண்ணுன காரியம், ஊரையே புடிச்சு ஆட்டுது. யாருன்னு கேக்கல. என்னன்னும் கேக்கல. எந்திரிச்சுச் சொல்லிட்டா எறங்கிரும்னு பெரியவங்க சொல்லுதாங்க. சங்கடப்படாதீங்க.”

முதலில் ஒருவர் எழுந்தார். பிறகு நாலு பேர். பிறகு வரிசை கட்டவேண்டியதாயிற்று. சொன்னவை எல்லாம் சின்ன விஷயங்கள், சொன்னவர்களுக்குப் பெரிய விஷயங்கள். பக்கத்து வீட்டு முருங்கையில் வெந்நீர் ஊற்றியவர், கோலப்போட்டியில் சொந்த மருமகளுக்கு முதல் பரிசு கொடுத்தவர், செத்துப்போன மாமனாரின் பல்செட்டை ஆற்றில் விடாமல் தானே மாட்டிக்கொண்டவர். காந்தல் இம்மிகூட இறங்கவில்லை. வடிவு எழுந்தாள்.

“அது நான்தான்,” என்றாள். “அன்னைக்குப் பால் கொட்டுனது அந்தப் பையனால இல்ல. அகரம்னு ஒரு லைப்ரரி, அது என் பொறுப்பு. வாசல மாத்துனேன், வால் எண்ண மாத்தல. அதான் அவன் செயலி விழுந்துச்சு. எனக்கு அப்பவே தெரியும். சொல்லல.”

செல்லக்கனி கேட்டாள்: “எண்ண மாத்தலையா? அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

“இதுக்கா கண்ணக் கசக்குத? ஒரு கேன் பாலு எனக்கும் போச்சு, சரி, போனது போச்சு. நம்பர இப்ப மாத்திரு தாயி, முடிஞ்சு போச்சு.”

பல்செட்டுக்காரருக்குத்தான் கோபம் வந்தது. “அப்படிச் சொல்லாதம்மா வடிவு. ஏதோ நம்பராம், வாலாம். மூணு ராத்திரி தூங்காமக் கெடந்து வந்து சொல்லியிருக்கேன் நான். இது என்னோட வெக்கம். நீ பாட்டுக்கு வந்து உன்னோடதுங்க!”

“அதானே! அப்ப நாங்க சொன்னதெல்லாம் என்னவாம்?” என்று நாலு பக்கமும் குரல் எழுந்தது. உன்னுடையது, என்னுடையது என்று மண்டபமே உரிமைப் போராட்டத்தில் இறங்கியது. பிரமநாயகம் மைக்கை அணைத்தார். எல்லாரும் வடிவை மன்னித்துவிட்டார்கள். ஒருவருக்கும் அவள் செய்தது புரியவில்லை. வெளியே வந்தபோது அவள் காது முன்னைவிடக் கொதித்தது, பின்னால் வந்த ஊர் மொத்தமும் ‘ஸ்ஸ்’ என்று காதைப் பிடித்துக்கொண்டது.

பட்டறை வாசலில் மகிழ்வண்ணன் அவளை நிறுத்தினார்.

“நீ சொன்னது எனக்கும் பாதி வெளங்கல. ஒண்ணு மட்டும் கேக்கேன். அந்தப் பையன்கிட்டச் சொல்லிட்டியா?”

“இன்னும் இல்ல.”

“பொறவு என்னத்துக்கு இங்க வந்து சொன்ன? இவனுவளுக்கு என்ன தெரியும்? தெரியாதவன்கிட்டச் சொல்லிட்டு வந்து நிக்க.” குரலைத் தணித்தார். “போனப் போடு. எனக்குத் தொழில் நடக்கணும்.”

போனைக் காதில் வைக்க முடியாது. கடைத்தெருவில், பட்டப்பகலில், ஸ்பீக்கரில் போட்டாள். காய்கறிக்கடையில் தராசு நின்றது. மடியில் பிள்ளையோடு சங்கிலிபூதத்தான் கிட்டே வந்து நின்றான்.

“சொல்லுங்கக்கா,” என்றது இஸ்மத்தின் குரல். களைத்திருந்தது. “நல்லா இருக்கியளா?”

“இஸ்மத்து, ஒங்கிட்ட ஒண்ணு கேக்கணும். ஒனக்குக் காது சுடுதா?”

“காதா? இல்லையேக்கா. ஏன், அங்க ஏதும் காய்ச்சலா?”

வடிவு சொன்னாள். வாசலை, எண்ணை, மோர் குடிக்கப் போனதை, அன்று திரையைப் பார்த்த நொடியிலேயே தெரிந்ததை, பழைய வாசலைத் திருட்டுத்தனமாகத் திறந்ததை, அவன் தேடிக்கொண்டிருந்த நாள்களிலெல்லாம் படித்துக்கொண்டு சும்மா இருந்ததை. இந்தப் பக்கம் தெருவும் அந்தப் பக்கம் அவனும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“இஸ்மத்து?”

“இருக்கேன்கா.” இருமினான். “வாப்பா கேட்டாங்க, சம்பளமில்லாத வேலையில உன்னை எதுக்குடா ஏசுதாங்கன்னு. பதில் தெரியல எனக்கு. நான் எழுதுன கோடு அம்புட்டையும் வரி வரியாப் படிச்சேன். என் மேலயே சந்தேகம் வந்துட்டு.”

“மன்னிச்சிரு தம்பி.”

“அக்கா, கோவிச்சுக்காதீங்க. இத எங்கிட்டச் சொல்ல வேண்டாம்.” குரல் உயரவில்லை. “லிஸ்ட்ல எழுதுங்க. என்னைத் திட்டுனதும் அங்கதான்.”

போன் வைக்கப்பட்டது. காய்கறிக்கடைக்காரன் மட்டும், யாருக்கும் புரியாத விஷயத்தில் முதல்முறையாக ஏதோ புரிந்தவன்போல, “சரியாத்தான் சொல்லுதான்” என்றான்.

வடிவு பட்டறைக்குள்ளேயே, நகை உரசும் கல்லை நகர்த்திவிட்டு மடிக்கணினியை வைத்து எழுதினாள். அழகான வரி ஒன்றுகூட வரவில்லை. வரப்பார்த்த ஒன்றை அழித்தாள். ‘பால் சங்கச் செயலி விழுந்ததற்கு இஸ்மத் காரணமில்லை. அகரத்தின் வாசலை மாற்றியது நான். வால் எண்ணை மாற்றாதது நான். தெரிந்தும் அவரைப் பழி சுமக்க விட்டது நான். அகரம் 4 இன்று வருகிறது. எல்லாரும் மறுபடி கட்டும்வரை 3-உம் கூடவே இருக்கும். என் பழைய கடிதத்தைப் புதியவர்களுக்குக் கொடுப்பதை நிறுத்திவிடுங்கள், இதைக் கொடுங்கள். சண்முகவடிவு.’

அனுப்பினாள். குளிர்ந்த கையொன்று வந்து தொட்டதுபோல் ஊர்க் காதெல்லாம் ஆறியது. சங்கிலிபூதத்தான் மடியிலிருந்த பிள்ளையின் மடலைத் தடவிப் பார்த்து, “அண்ணே! அண்ணே! இப்பக் குத்துங்க, இப்பக் குத்துங்க!” என்று அலறினான், மகிழ்வண்ணன் கம்பியை எடுத்தார், பிள்ளை அழுதது, தெரு குலவையிட்டது. கிடாயை வளர்ப்போர் கட்சி தோற்றது. பெண்கள் தம்ளரிலிருந்த தோட்டை மாட்டிக்கொண்டார்கள், போன்கள் காதுக்குத் திரும்பின, ரகசியங்கள் மறுபடி ரகசியமாயின. ஊர்க்கூட்டத்தில் தாங்கள் சொன்னதால்தான் இறங்கிற்று என்று ஆளுக்கொரு பக்கம் பெருமை பேசினார்கள், பல்செட்டுக்காரர் சற்று அதிகமாகவே பேசினார். ஐப்பசிக்குள் சீனிப்பாண்டி துணியில் மிச்சம் பிடிக்கத் தொடங்கிவிட்டான்.

குழுவில் எல்லாரும் தத்தம் பொதிகளை அகரம் 4-க்கு ஏற்ப மறுபடி கட்டினார்கள். சிலர் வடிவுக்கு ஆறுதல் எழுதினார்கள், சிலர் எழுதவில்லை. இஸ்மத் விலகவில்லை. கார்த்திகையில் பால் சங்கச் செயலியின் புதிய பதிப்பை அனுப்பினான். வழக்கம்போல அது சரிபார்ப்புக்கு வடிவிடம்தான் வந்தது. அவிழ்த்துப் பார்த்தாள். அகரவரிசை அடுக்கும் வித்தையைச் செயலிக்குள்ளேயே தனியாக எழுதி வைத்திருந்தான். ‘இவர் வந்தால் இன்னாரும் வர வேண்டும்’ என்கிற சீட்டில் அகரத்தின் பெயர் இல்லை; இனி அவள் எந்த வாசலை மாற்றினாலும் அந்தச் செயலி விழாது. பொதுவில் இருக்கிற ஒன்றைத் தனியே வைத்துக்கொள்வது தாமிரத்தின் விதிப்படி கூடாது. அப்படி வருவதைத் திருப்பி அனுப்ப வேண்டியது சரிபார்ப்பவரின் கடமை. வடிவு ஏற்றுக்கொண்டு கையெழுத்திட்டாள்.

பொதி முன்பைவிட நூற்றுப் பத்து கிலோபைட் கூடுதலாக இருந்தது.